இடது கை பிடிக்கும் தாளம்

பியானோவில் ராக்டைம் என்றதும் வலது கையின் குறும்புதான் முதலில் காதில் விழும். தாளம் விழ வேண்டிய இடத்தில் விழாமல், கொஞ்சம் முந்தியும் பிந்தியும் வந்து, கேட்பவர் காலைத் தானாக ஆடவைக்கிற அந்த மெட்டைக் கேட்டவர்கள், இதன் திறமையெல்லாம் வலது கையில்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கெடாவில் பியானோவும் கீபோர்டும் கற்கும் நம் பிள்ளைகளுக்கும் இது அப்படித்தான் வந்து சேர்கிறது. ஸ்காட் ஜாப்ளினின் ‘தி என்டர்டெய்னர்’ எளிமையாக்கப்பட்ட பதிப்பில் கைக்கு வரும். வலது கை மெட்டு மனப்பாடமாகும். இடது கை எப்படியோ ஒட்டிக்கொண்டு ஓடும். என் கட்சி இதற்கு நேர்மாறானது. ராக்டைமின் உயிர் இடது கையில் இருக்கிறது. ஒரே மெட்டைப் பல பாணிகளில் மனோதர்மமாக வாசிப்பது என்பது பெரும்பாலும் இடது கையை மாற்றிப் போடுவதுதான். தோட்டங்கள் வழியாக நமக்கு வந்த இசையில் கட்டை வாத்தியங்களுக்கு வாய்க்காமல் போனதும் அந்த இடது கைதான். அதனால்தான் நம் பிள்ளைகள் ராக்டைமைப் பரீட்சைப் பாடமாக வாசித்துவிட்டுப் போவதோடு நிறுத்தக் கூடாது என்கிறேன்.

முதலில் இந்த இசை எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடலாம். 1890-களில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சுற்றிய ஊர்களில், கறுப்பின பியானோக் கலைஞர்களின் கைகளில் இது உருவெடுத்தது. செடேலியா என்ற ரயில்வே ஊரில் ஜான் ஸ்டார்க் என்ற பதிப்பாளர் 1899-இல் வெளியிட்ட ஜாப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ அதை நாடெங்கும் கொண்டுபோனது. ஒவ்வொன்றும் 16 ஆவர்த்தம் கொண்ட நான்கு மெட்டுகளைக் கோத்தது அதன் கட்டுமானம். ஓர் ஆவர்த்தத்தை எட்டு மாத்திரையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது கை ஒன்றாம் மாத்திரையில் ஆழமான ஒரு கீழ் ஸ்வரத்தைத் தட்டும். மூன்றில் கட்டைகளின் நடுப்பகுதிக்குத் தாவி மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்துத் தட்டும். ஐந்தில் மறுபடி கீழே, ஏழில் மறுபடி நடுவில். இது மாறவே மாறாது. அதன் மேல் வலது கை ‘தகிட தகிட தக’ என்று மூன்று, மூன்று, இரண்டாகப் பிரித்து நடக்கும். அதாவது ஒன்று, நான்கு, ஏழு. இடது கையின் இரண்டாவது கீழ் ஸ்வரம் ஐந்தில் விழப்போகிறது. வலது கையோ நான்கிலேயே வந்து நின்றுவிடுகிறது. அந்த ஒரு மாத்திரை முந்துதல்தான் ராக்டைமின் சொடுக்கு. ஐந்தில் இடது கை அசையாமல் விழாவிட்டால், நான்கில் வந்தது முந்தியதாகவே தெரியாது. வெறும் தடுமாற்றமாகக் கேட்கும்.

கோயில் மேளம் கேட்டு வளர்ந்தவருக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. கையால் தாளம் போட்டுக்கொண்டே, தட்டு விழுந்து அரை இடமோ முக்கால் இடமோ தள்ளிப் பாட்டை எடுப்பது நம் சங்கீதத்தில் அன்றாடப் பழக்கம். மூன்றின் கோவைகளை நான்கின் மேல் அடுக்கி, ‘தகிட’ நான்கு முறை, ‘தகதிமி’ ஒரு முறை என்று பதினாறை நிரப்புவது தவில்காரருக்குத் தண்ணீர் பட்ட பாடு. 1914-இல் யூடே போமன் வெளியிட்ட ‘ட்வெல்த் ஸ்ட்ரீட் ராக்’ என்ற புகழ்பெற்ற உருப்படி, நான்கின் மேல் மூன்றை உருட்டும் இதே உத்தியில்தான் நிற்கிறது. ஆக, கணக்கு நமக்குத் தெரியும். தெரியாதது, அந்தக் கணக்கின் இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் ஒரே வாத்தியத்தில் பிடிப்பது.

அமெரிக்கக் கறுப்பர்கள் அதை ஏன் பிடித்தார்கள், நாம் ஏன் பிடிக்கவில்லை என்பதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1739-இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மேளம் கொட்டி ஆள் திரட்டினார்கள் என்பதால் அடுத்த ஆண்டுச் சட்டம் அவர்களுடைய மேளங்களைத் தடை செய்தது. தோலும் மரமும் பறிபோன இடங்களில் தாளம் உடம்புக்குள் புகுந்தது. உள்ளங்கை, தொடை, மார்பு, பாதம் எல்லாம் மேளமாயின. பிறகு அது பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்துக்கு வந்து, அதிலிருந்து பியானோவுக்கு ஏறியது. மதுக்கடையிலும் விடுதியிலும் வாசித்த பியானோக்காரர் பெரும்பாலும் தனி ஆள். பக்கத்தில் மேளக்காரர் இல்லை, சுருதிக்கு ஆளில்லை. மேளமும் அவரே, பாட்டும் அவரே. இடது கை மேளமானது அந்தத் தனிமையின் கட்டாயத்தால்.

கெடாவின் கதை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பால்மரக் காடுகள் விரிந்தபோது கங்காணிகள் மூலம் கொண்டுவரப்பட்டவர்களுக்கு உரிமைகள் பறிபோயின, மேளம் பறிபோகவில்லை. பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத்துத் தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குப் பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் எழுந்தது. திருவிழாவுக்குத் தப்பும் உறுமியும் வந்தன. மேளம் எப்போதும் பக்கத்தில் இருந்ததால், கட்டை வாத்தியம் தாளத்தைச் சுமக்க வேண்டிய தேவையே எழவில்லை. பஜனைக்கும் நாடகத்துக்கும் வந்த ஆர்மோனியத்தின் அமைப்பையே பாருங்கள். இடது கை பின்னால் துருத்தியை அசைத்துக்கொண்டே இருக்கும், வாசிப்பது வலது கை மட்டும். தாளத்தை மிருதங்கமோ டோலக்கோ பார்த்துக்கொள்ளும். நாடகக் கொட்டகையில் கால் ஆர்மோனியம் இருந்ததே, அதில் இரண்டு கையும் காலியாகத்தானே இருந்தன என்று கேட்கலாம். இருந்தன. ஆனால் அந்த இடது கையும் பெரும்பாலும் வலது கையின் மெட்டையே கீழ் ஸ்தாயியில் திரும்பச் சொன்னது. தனக்கென ஒரு வேலை அதற்கு இல்லை.

பிறகு வந்தது மின்சாரக் கீபோர்டு. 1980-களில் கேசியோவும் யமஹாவும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின் கல்யாண மண்டபத்து இசைக்குழுவிலிருந்து வரவேற்பறை வரை அது நுழைந்தது. இடது கை ஒரு விரலால் ஒரு கட்டையை அழுத்தினால் போதும். டிரம்ஸ், பாஸ், துணைச் சுரங்கள் அனைத்தையும் இயந்திரமே வாசித்துவிடும். துருத்தி பிடித்திருந்த கையை இப்போது இயந்திரம் பிடித்துக்கொண்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறி, 1996-இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்து, குடும்பங்கள் சுங்கை பட்டாணித் தாமான்களுக்கு இடம் மாறிய அதே காலத்தில்தான் இது நடந்தது. ஒட்டுச்சுவர் வீட்டில் உறுமியை அடித்துப் பழக முடியாது, காதுக்கருவியை மாட்டிக்கொண்டு கீபோர்டு வாசிக்கலாம். இப்படி மேளம் வீட்டை விட்டு வெளியே போனது. கட்டை வாத்தியத்தின் இடது கையோ இன்னும் வேலைக்கு வரவில்லை.

பாணி என்பது இடது கையில் இருக்கிறது என்பதற்கு ஆகச் சிறந்த சாட்சி ஜெல்லி ரோல் மார்ட்டன். 1938-இல் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸ் அவரைப் பேசவும் வாசிக்கவும் வைத்துப் பதிவு செய்தார். அதில் மார்ட்டன் ‘மேப்பிள் லீஃப் ராக்’கை இரண்டு தடவை வாசித்துக் காட்டுகிறார். முதலில் மிசூரிக்காரர்கள் வாசித்த மாதிரி: நேரான நடை, கீழ் ஸ்வரம், நடுச்சேர்க்கை, கீழ் ஸ்வரம், நடுச்சேர்க்கை. அடுத்து நியூ ஆர்லியன்ஸ்காரரான தன் பாணியில். மெட்டு அதேதான், ஆனால் இடது கை சில இடத்தில் கியூபாவின் ஹபனேரா நடைக்குத் தாவுகிறது, சில இடத்தில் டிராம்போன் வழுக்குவது போல் ஏறி இறங்குகிறது, வேண்டுமென்றே ஓர் அடியை விட்டுக்கொடுக்கிறது. அடியில் தரை மாறியதும் வலது கையின் உச்சரிப்பும் தானாக இளகிவிடுகிறது. மார்ட்டன் பெரிய தற்பெருமைக்காரர். ஜாஸைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டவர். அவர் பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் இந்த இரண்டு வாசிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, காதால் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நியூயார்க்கின் ஹார்லெமில் அதே இடது கை இன்னும் அகலமாகத் தாவக் கற்றது. ஜேம்ஸ் பி. ஜான்சன் 1921-இல் இசைத்தட்டில் தந்த ‘கரோலினா ஷவுட்’ ‘ஸ்ட்ரைட்’ எனப்படும் அந்தப் பாணிக்கு இலக்கணம் என்பார்கள். இளைஞரான டியூக் எலிங்டன், தானியங்கிப் பியானோவில் அதன் துளையிட்ட சுருளை மெதுவாக ஓடவிட்டு, தாழும் கட்டைகளைப் பார்த்து விரலை வைத்துக் கற்றார். அதாவது ஏட்டை வைத்தல்ல, கண்ணாலும் காதாலும். இந்த வழியில் வந்த ஒருவர் நம் பக்கத்துக்கே வந்தார். சிகாகோவில் பெயரெடுத்த டெடி வெதர்ஃபோர்ட் 1926-இல் ஆசியாவுக்குக் கப்பலேறி, ஷாங்காயிலும் பின்னர் பம்பாய் தாஜ் மஹால் ஹோட்டலிலும் கல்கத்தாவிலும் வாசித்து, 1945-இல் கல்கத்தாவிலேயே காலராவில் இறந்தார். ஆனால் அந்த இசை பெருநகர ஹோட்டல்களின் நடனக்கூடத்தோடு நின்றுவிட்டது. பால்மரக் காட்டுக்குள் வந்து சேர்ந்தது கிராமபோனும் ரேடியோவும் கொண்டுவந்த சினிமாப் பாட்டு.

இதை நம் பிள்ளை செய்துபார்க்க எந்த மெட்டு தோது? முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் ஒன்றை எடுக்கலாம். ஐரோப்பிய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்தியம் எழுதியவை அவை. ‘ச்யாமளே மீனாக்ஷி’யின் மெட்டு, நர்சரிப் பிள்ளைகள் நட்சத்திரப் பாட்டாகப் பாடுவதுதான். மொசார்ட் அதே மெட்டின் மேல் 12 மாறுதல்களைப் பியானோவுக்கு எழுதினார். ச ச ப ப, த த ப என்று அது போகும். இடது கையில் முதலில் கீழ் ஸட்ஜம், பிறகு ச-க-ப சேர்க்கை. தைவதம் வரும்போது ம-த-ச சேர்க்கை. அடுத்த வரியில் ரிஷபம் வரும்போது ப-நி-ரி. மூன்றே சேர்க்கைகள். இப்போது வலது கை: ச ஒரு மாத்திரை, அடுத்த ச இரண்டு, இடையில் நாமாகச் சேர்க்கும் க ஒன்று, பிறகு ப இரண்டு, ப இரண்டு. மொத்தம் எட்டு. இரண்டாவது ஸட்ஜம் இரண்டாம் மாத்திரையில் பிறந்து மூன்றையும் கடந்து ஒலிக்கிறது. மூன்றில் இடது கை மட்டும் தனியாக விழுகிறது. அவ்வளவுதான், மெட்டு ராக்டைமாகிவிட்டது.

இனி வலது கையை அப்படியே விட்டுவிட்டு இடது கையை மாற்றுங்கள். ‘தகிட-த-தக-தக’ என்று மூன்று, ஒன்று, இரண்டு, இரண்டாக ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையே அது நடந்தால், 1909-இல் ஜாப்ளினே ‘சோலஸ்’ என்ற உருப்படியில் பயன்படுத்திய ஹபனேரா வாசனை வந்துவிடும். கீழ் ஸ்வரத்தை இன்னும் ஆழத்துக்குத் தள்ளி, நடைக்குச் சற்று ஊஞ்சல் கொடுத்தால் ஹார்லெம். தாவலை அடியோடு நிறுத்திவிட்டு எட்டு ஸ்வரங்கள் ஏறி இறங்கும்படி ஓடவிட்டால் பூகி-வூகி. ஒரு பாணியிலிருந்து இன்னொன்றுக்கு மாற வலது கையில் ஒரு ஸ்வரத்தைக்கூடத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் எல்லா மெட்டும் இதற்கு இணங்காது. காவடிச்சிந்து மெட்டுகளில் பெரும்பாலானவை திஸ்ர நடையில் துள்ளுபவை. அவற்றை எட்டுக்குள் வலிந்து அடைத்தால் காவடியும் போய்விடும், ராக்டைமும் வராது. சிலவற்றை விட்டுவிடத் தெரிவதும் மனோதர்மத்தில் சேர்ந்ததே.

நம் சங்கீதம் ஒற்றை மெட்டுச் சங்கீதம், அதில் சுரச்சேர்க்கைக்கு இடமில்லை, பியானோவில் கமகமும் பேசாது, பிறகு இந்த ஒப்பீடெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கமகம் பற்றி அவர்கள் சொல்வது சரி. அந்தக் குறைக்காகத்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை வாசலிலேயே நிறுத்தி வைத்தது. தோடியைப் பியானோவில் ராக்டைமாக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நாம் எடுத்துப் போகும் சரக்கு ராகமல்ல, லயம். சுத்தியல் கம்பியைத் தட்டி ஒலிக்கிற பியானோ, அமைப்பில் பாதி மேளம். உறுமியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கை வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து முனகவைக்கிறது, மறு கை அடிக்கிறது. இரண்டு கைக்கு இரண்டு வேலை என்ற பயிற்சி தோட்டத்து மேளக்காரருக்குப் பரம்பரையாக இருக்கிறது. அவர் வீட்டுப் பிள்ளை பியானோ முன் உட்கார்ந்ததும் இடது கைக்கு வேலை தெரியாதவனாக ஆகிவிடுகிறான் என்றால், கோளாறு பிள்ளையிடம் இல்லை. சொல்லிக்கொடுக்கும் முறையில் இருக்கிறது.

மரியாதை பற்றிய ஆட்சேபம் வேறு வகை. விடுதிகளில் பிறந்த இசையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதா என்பது அன்று அமெரிக்காவிலேயே எழுந்த கேள்வி. 1901-இல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், உறுப்பினர்கள் ராக்டைம் வாசிக்கக் கூடாது என்று தீர்மானமே போட்டது. தைப்பூசம் நெருங்கும்போதெல்லாம் உறுமி மேளக் குழுக்கள் சினிமா மெட்டு வாசிப்பதைப் பற்றி இங்கே எழும் சச்சரவுகளைக் கேட்டவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானது. வழிபாட்டில் எது வாசிக்கலாம் என்று கோயில் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை, அது கோயிலின் உரிமை. ஆனால் ‘தரம் குறைந்தது’ என்ற சொல் இசையின் தரத்தை அளந்து வந்ததா, வாசித்தவர்களின் நிலையை அளந்து வந்ததா என்று கேட்காமல் விட முடியவில்லை. ராக்டைம் ஏடுகள் பலவற்றின் அட்டையில் கறுப்பர்களைக் கேலி செய்யும் படங்களை அச்சிட்டு விற்றார்கள். அதே ஜாப்ளினுக்கு, இறந்து 59 ஆண்டு கழித்து, 1976-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு வந்தது. நடுவில் மாறியது ஸ்வரங்கள் அல்ல.

பெற்றோர் எழுப்புவது நடைமுறைக் கேள்வி. பரீட்சை இருக்கிறது, கிரேடு இருக்கிறது, கட்டணம் கட்டியாகிவிட்டது. இதில் மனோதர்மத்துக்கு நேரம் எங்கே? லண்டன் வாரியங்களின் தேர்வுகளை நான் குறை சொல்லவில்லை. ஏடு வாசிக்கவும் விரல் ஒழுங்கும் அவை கற்றுத்தருகின்றன. ஏடு தெரியாத கீபோர்டுக்காரர் எங்கே போய் முட்டிக்கொள்கிறார் என்பது இசைக்குழுக்களில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் மூன்று உருப்படிகளை ஓராண்டு முழுதும் தேய்த்துவிட்டுச் சான்றிதழோடு பியானோவை மூடிவிடும் பிள்ளைக்கு, கல்யாண வீட்டில் ஒரு பாட்டுக்குப் பின்னால் வாசிக்கச் சொன்னால் கை ஓடுவதில்லை. வாரத்தில் பத்து நிமிடம் இடது கைக்கு ஒதுக்கினால் பரீட்சைக்கும் அது உதவியே. தாளம் தப்புவதுதானே தேர்வில் மதிப்பெண் போகும் முக்கிய இடம்.

கடைசியாக, கனமான ஆட்சேபம் ஒன்று. இயற்றியவரே மாற்றி வாசிப்பதை விரும்பவில்லையே? உண்மைதான். தன் உருப்படிகளை வேகமாக அடித்துத் தள்ளுவது ஜாப்ளினுக்கு அறவே பிடிக்காது. ஏடுகளிலேயே அவசரப்பட வேண்டாம் என்று அச்சிட்டார். எழுதியதை எழுதியபடி வாசிக்கச் சொன்னார். 1916-இல் அவர் பேரில் வந்த பியானோச் சுருள்களில் அச்சில் இல்லாத இடது கை அலங்காரங்கள் கேட்கின்றன. ஆனால் சுருள் தயாரித்தவர்கள் பின்னால் சேர்த்திருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளதால் அதை வைத்து வாதாட மாட்டேன். அவர் 1908-இல் வெளியிட்ட ஆறு பயிற்சிகள் கொண்ட சிறு ஏடு, ‘ஸ்கூல் ஆஃப் ராக்டைம்’, அதைவிட உறுதியான சாட்சி. அதில் வாசிக்க வேண்டிய வரிகளுக்கு மேலே இன்னொரு வரி அச்சாகியிருக்கிறது. முந்துதல் பிந்துதல் இல்லாத நேரான வடிவம் அது. அதை வாசிக்கக் கூடாது என்று குறிப்பும் இருக்கிறது. மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையே புள்ளிக்கோடுகள் இறங்கி, எந்த ஸ்வரம் எதுவரை நீள்கிறது என்று காட்டுகின்றன. நேர் வடிவத்தை மனதில் ஓடவிட்டுக்கொண்டே கோணல் வடிவத்தை வாசி என்பதுதான் அவர் பாடம். அந்த அடிப்படை கைக்கு வந்தவர் மாற்றுவதும், வராதவர் குழப்புவதும் ஒன்றல்ல. கீர்த்தனையைப் பாடம் பண்ணாதவரை யாரும் நிரவலுக்கு விடுவதில்லை, பாடம் பண்ணியவரைத் தடுப்பதுமில்லை. ஜாப்ளின் 1917-இல் இறந்ததால் இந்த ஏட்டுக்கு இப்போது காப்புரிமை இல்லை, இலவசமாகவே கிடைக்கும். சுங்கை பட்டாணியில் ஓர் ஆசிரியர் இதை எடுத்தால், மேல் வரியை மாணவன் தொடையில் தட்டட்டும், கீழ் வரியை ஆசிரியர் வாசித்துக் காட்டட்டும். அடுத்த வாரம் இருவரும் இடம் மாறிக்கொள்ளலாம்.